கட்டுரை வகுப்பில் ஏஐ: எழுதுவது மாணவர், கேள்வி கேட்பது கருவி

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி 1 தமிழ் எடுக்கும் ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டது இது. வகுப்பில் அறுபது பேர், ஐம்பது நிமிடப் பாடவேளை, எல்லாரிடமும் கைப்பேசி இருந்தாலும் பாதிப் பேரிடம்தான் டேட்டா மிச்சம் என்ற நிலைமையை மனத்தில் வைத்தே எல்லாக் கணக்கும் போடப்பட்டிருக்கிறது. பொது ஆங்கிலம் எடுப்பவர்கள் ஒற்று, மேற்கோள் பகுதிகளை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தது. அதோடு, ‘வீட்டில் எழுதிக்கொண்டு வா’ என்ற பழைய அசைன்மென்ட் செத்துவிட்டது. அதை உயிர்ப்பிக்கக் காவல் வேலை பார்ப்பதைவிட, வேலையைப் பிரித்துக் கொடுப்பது நல்லது. இந்தக் கருவிகள் உருப்படியாகச் செய்வது ஒன்று உண்டு: விஷயம் தெரியாத ஒரு வாசகரைப் போல, சலிக்காமல், அறுபது பேரிடமும் தனித்தனியே கேள்வி கேட்பது. தமிழில் அவை சறுக்குவது இரண்டு இடங்களில்: ஒற்று, மேற்கோள். எழுதும் வேலையை மட்டும் அவற்றிடம் கொடுக்கவே கூடாது. மாணவர் கற்க வந்ததே அதைத்தானே.

வகுப்புக்குக் கொண்டுபோகுமுன் சோதனை

எந்தக் கருவியைப் பயன்படுத்தப் போகிறீர்களோ, அது சாட்ஜிபிடியோ ஜெமினியோ கிளாடோ, அதை முதலில் நீங்களே சோதித்துப் பாருங்கள். 150 சொல்லில் ஒரு பத்தி எழுதி, அதில் வேண்டுமென்றே பத்துப் பிழைகளை வையுங்கள்: நான்கு ஒற்றுப்பிழை (‘புத்தகத்தை படித்தான்’, ‘வீட்டுக்கு போனான்’ போல), இரண்டு ண-ன அல்லது ர-ற மயக்கம், ‘நாய்கள் ஓடியது’ போன்ற இரண்டு எழுவாய்–பயனிலைப் பிழை, ஒரு தவறான ஆண்டு, ஒரு தவறான மேற்கோள். அதே பத்தியில், பிழை போலத் தோன்றினாலும் சரியாகவே இருக்கும் ஐந்து இடங்களையும் வையுங்கள்: ‘செய்து பார்த்தான்’, ‘வந்த பையன்’, ‘ஊறுகாய்’, ‘முயன்றாள்’, ‘சுவரில்’.

பத்தியைக் கொடுத்துப் பிழைகளைப் பட்டியலிடச் சொல்லுங்கள். மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிடித்த பிழை, தவறவிட்ட பிழை, சரியானதைப் பிழையென்று சொன்னது. மூன்றாவதுதான் முக்கியம். தவறவிட்ட பிழையை நீங்கள் பிறகு பிடித்துக்கொள்ளலாம். ‘செய்துப் பார்த்தான் என்பதே சரி’ என்று கருவி அடித்துச் சொன்னதைப் படித்த மாணவரின் மனத்திலிருந்து அதை எடுப்பது கடினம். சரியான ஐந்தில் இரண்டைக் கெடுத்தாலே போதும், அந்தக் கருவியின் எழுத்துப்பிழைக் குறிப்புகள் மாணவர் கண்ணில் படக் கூடாது. இதைப் பருவத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். கருவிகள் சொல்லாமல் கொள்ளாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஜூலையில் பார்த்தது டிசம்பரில் அப்படியே இருக்காது.

தமிழில் மட்டும் ஏன் இப்படி? இந்தக் கருவிகளுக்குள் இயங்கும் மொழி மாதிரிகள் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. வாக்கியத்தை ‘டோக்கன்’ என்னும் துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. ஒரு குறிப்பிட்ட தமிழ் மாதிரி வாசகத்துக்கு முன்பு 116 டோக்கன் தேவைப்பட்டது, 2024 மே மாதம் வந்த ஜிபிடி-4ஓ என்ற மொழி மாதிரியில் அது 35 ஆகக் குறைந்தது என்று சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே காட்டியிருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் ‘ப்’ என்ற ஒற்று ஒரு துண்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புள்ளிதான் அதற்கு. போதாததற்கு, அது கற்ற இணையத் தமிழில் ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் பாதி நேரம் இருப்பதில்லை.

தலைப்பை மாற்றினால் பாதி வேலை முடிந்தது

‘மரம் வளர்ப்போம்’, ‘இளைஞர்களும் கைப்பேசியும்’ போன்ற தலைப்பு கொடுத்தால் கருவிக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. அதையே இப்படி மாற்றலாம்: ‘உங்கள் தெருவில் கடந்த ஐந்தாண்டில் வெட்டப்பட்ட ஒரு மரம்: யார் வெட்டினார்கள், ஏன், அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டார் இருவரிடம் கேட்டு எழுதுக.’ தலைப்பில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: மாணவர் கண்ணால் பார்த்த ஒன்று, ஒருவரிடம் கேட்டறிந்த ஒன்று, எண்ணியோ அளந்தோ எடுத்த ஒன்று. இந்த மூன்றும் கருவியிடம் இல்லை. அது கற்பனையாக இட்டுக்கட்டலாம். ஆனால் அப்படிக் கட்டியதை ‘அந்தப் பாட்டி எந்த வீடு?’ என்ற ஒரே கேள்வியில் பிடித்துவிடலாம்.

ஒவ்வோர் அசைன்மென்ட் தாளின் தலையிலும் எது அனுமதி, எது இல்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘முதல் வரைவில் ஏஐ கூடாது. கேள்வி கேட்க வைக்கலாம். கருவி எழுதிய ஒரு வாக்கியம்கூடக் கட்டுரையில் வரக் கூடாது.’ ‘ஏஐயைப் பொறுப்புடன் பயன்படுத்துக’ என்று எழுதுவதால் பயனில்லை. பொறுப்பு என்றால் என்ன என்று அறுபது பேரும் அறுபது விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

முதல் வரைவு தாளில்தான்

முதல் பாடவேளையில் கைப்பேசி மேசை மேல் கவிழ்ந்திருக்கட்டும். தலைப்புக்கான குறிப்புகளை மாணவர் முந்தைய நாளே எடுத்து வந்திருக்க வேண்டும். குறிப்பு பார்க்க 5 நிமிடம், எழுத 25 நிமிடம், நீளம் 150 முதல் 200 சொல். கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்; பிறகு திருத்த அந்த இடம் தேவைப்படும். முடிந்ததும் தாள்களை வாங்கிக் கையெழுத்தும் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். பின்னால் எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்தத் தாள்தான் சாட்சி.

இந்த வரைவுக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் தரத்துக்கு இல்லை, எழுதியதற்கு மட்டும். தரத்துக்கு மதிப்பெண் என்று சொன்னால், குறிப்புத் தாளோடு மனப்பாடம் செய்த பத்தியும் வந்துவிடும்.

பிராம்ப்ட்

இரண்டாம் பாடவேளையில் கருவி உள்ளே வருகிறது. மாணவரிடம் ‘ஏஐயிடம் காட்டிக் கருத்துக் கேள்’ என்று பொதுவாகச் சொன்னால், கருவி இரண்டு காரியம் செய்யும்: ‘மிகச் சிறப்பாக எழுதியுள்ளீர்கள்!’ என்று பாராட்டும். பிறகு கட்டுரை முழுவதையும் தன் நடையில் எழுதிக் கொடுத்துவிடும். இரண்டாலும் கெடுதல்தான். கீழே உள்ள பிராம்ப்ட்டை, அதாவது கருவிக்குத் தரும் கட்டளையை, அப்படியே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்:

‘நீ ஒரு வாசகர். இந்த ஊரும் மக்களும் உனக்குத் தெரியாது. கீழே இருப்பது ஒரு கல்லூரி மாணவரின் முதல் வரைவு. விதிகள்: (1) கட்டுரையைத் திருத்தி எழுதாதே, ஒரு வாக்கியத்தைக்கூட மாற்றிக் காட்டாதே. (2) பாராட்டாதே. (3) உனக்குப் புரியாத அல்லது நம்ப முடியாத மூன்று இடங்களை மட்டும் எடு. ஒவ்வொன்றுக்கும் மாணவரின் வாக்கியத்தை அப்படியே மேற்கோள் காட்டி, அதன் கீழ் ஒரே ஒரு கேள்வி கேள். (4) எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பற்றி எதுவும் சொல்லாதே. (5) மூன்று கேள்வியோடு நிறுத்து. வேறு உதவி வேண்டுமா என்று கேட்காதே.’

ஒவ்வொரு விதிக்கும் காரணம் இருக்கிறது. வாக்கியத்தை அப்படியே காட்டச் சொல்லாவிட்டால் ‘இன்னும் விவரம் சேர்க்கலாம்’ என்று எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் அறிவுரை வரும். மூன்று என்று எண் சொல்லாவிட்டால் பன்னிரண்டு வரும். பன்னிரண்டைப் பார்த்த மாணவர் ஒன்றையும் செய்ய மாட்டார். ஐந்தாவது விதி இல்லையென்றால் கடைசி வரியில் ‘வேண்டுமானால் நானே மேம்படுத்தித் தரட்டுமா?’ என்ற தூண்டில் வந்து நிற்கும். பதினெட்டு வயதில் அதற்கு வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்?

உரையாடல் நீள நீளக் கருவி விதிகளை மறக்கும். நான்காவது ஐந்தாவது பதிலில் சத்தமில்லாமல் எழுதிக் கொடுக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு வரைவுக்கு ஓர் உரையாடல், ஒரே ஒரு பதில். பதில் வந்ததும் கைப்பேசி மறுபடி கவிழ வேண்டும். மூன்று கேள்விகளையும் மாணவர் தன் கையால் தாளில் எடுத்தெழுதி, பதிலையும் தாளிலேயே எழுத வேண்டும். ‘இந்தக் கேள்வி தேவையில்லாதது, ஏனென்றால்…’ என்று மறுப்பதும் பதில்தான். நன்றாக மறுத்தவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். சாட்ஜிபிடியில் படிப்புக்கென்று தனி முறையும் ஜெமினியில் வழிகாட்டிக் கற்பிக்கும் முறையும் 2025இல் வந்தன. அவை விடையை உடனே கொட்டாமல் கேள்வி கேட்கும். ஆனால் ஒரு தட்டில் அணைத்துவிடலாம் என்பதால் அவற்றை நம்பிப் பிராம்ப்ட்டைக் கைவிட வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு

மாணவர் எழுதக்கூடிய வரைவின் மாதிரி இது: ‘எங்கள் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை உள்ளது. வாரத்தில் ஒரு நாள் மட்டுமே தண்ணீர் வருகிறது. இதனால் பெண்கள் வேலைக்குச் செல்ல முடியவில்லை. மக்கள் மிகவும் அவதிப்படுகின்றனர். அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.’

விதி எதுவும் இல்லாமல் கொடுத்தால் வரும் விடை ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். இன்றைய காலகட்டத்தில் குடிநீர்ப் பற்றாக்குறை ஒரு முக்கியமான சவாலாக உருவெடுத்துள்ளது…’ மாணவரின் ஊரும் பெண்களும் காணாமல் போய்விட்டார்கள். மேற்கோளும் தவறு. குறள் 20 ‘நீரின்று அமையாது உலகெனின்’ என்று தொடங்குகிறது. மேடைகளில் புழங்கும் வடிவம் குறள் அல்ல.

மேலே சொன்ன பிராம்ப்ட்டோடு கொடுத்தால் வருவது இந்த மாதிரி: ‘“வாரத்தில் ஒரு நாள்” — எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?’ ‘“பெண்கள் வேலைக்குச் செல்ல முடியவில்லை” — தண்ணீர் வருவதற்கும் வேலைக்கும் என்ன தொடர்பு?’ ‘“அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்” — எந்த அலுவலகம், என்ன செய்ய வேண்டும்?’ இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். அந்த ஊரில் வளர்ந்தவருக்கு அது கேள்வியே அல்ல, எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் அவர் அதை எழுதவில்லை. உள்ளூர்க்காரரான ஆசிரியர்கூட அதைக் கேட்க மாட்டார். ஒன்றும் தெரியாத கருவி கேட்கும்.

மாணவர் திருத்திய படி: ‘வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், பத்துக்கு நின்றுவிடும். தெருவுக்கு ஒரே குழாய், நாற்பது வீடு. பனியன் கம்பெனி வேன் எட்டரைக்கு வந்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு அன்றைய ஷிப்டு போச்சு. ஊராட்சி அலுவலகம் நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றினால் போதும்.’ கடைசி வாக்கியம் கேள்வியின் பலன். ‘நடவடிக்கை’ என்ற பொதுச்சொல் போய், செய்யக்கூடிய ஒரு காரியம் வந்திருக்கிறது. ‘போச்சு’ இருக்கலாமா என்று வகுப்பில் விவாதியுங்கள்; கருவியிடம் கேட்காதீர்கள்.

தாளில் உள்ளதைக் கைப்பேசிக்குள் கொண்டுபோவது

இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கையெழுத்தைப் படமெடுத்துக் கொடுத்தால் கருவி படித்துவிடுகிறது. ஆனால் படிக்கும்போதே பிழையையும் திருத்திவிடுகிறது. மாணவர் ‘தன்னீர்’ என்று எழுதியிருப்பார், கருவி ‘தண்ணீர்’ என்று எடுத்துக் கொடுக்கும். அடுத்து வரும் சொல் எதுவாக இருக்கும் என்று கணிப்பதுதான் அதன் வேலையே. ஆகவே கண்ணில் படுவதைவிடப் பழகியதை எழுதிவிடுகிறது. சில நேரம் புரியாத ஒரு வரியை விட்டுவிட்டு, பொருந்துகிற மாதிரி தானே ஒரு வரி போட்டுவிடும். படத்திலிருந்து எடுத்த எழுத்தை வைத்து மொழிப்பிழைக்கு மதிப்பெண் போட்டால் அந்த மதிப்பெண் பொய். கேள்வி கேட்கும் கட்டத்துக்கு மட்டும் படம் போதும். அப்போதும் எடுத்துக் கொடுத்த எழுத்தை மாணவர் ஒருமுறை தாளோடு ஒப்பிட வேண்டும்.

படத்தைவிட நல்ல வழி குரல் தட்டச்சு. மாணவர் தன் வரைவைத் தானே வாய்விட்டுப் படித்துக் கைப்பேசியின் மைக்கில் சொல்லட்டும். 200 சொல்லுக்கு மூன்று நான்கு நிமிடம். வாய்விட்டுப் படிக்கும்போதே விடுபட்ட சொல்லும் மூச்சு முட்டும் வாக்கியமும் தாமாகத் தெரிந்துவிடும். அறுபது பேர் ஒரே அறையில் பேசினால் சந்தைக்கடை ஆகிவிடும் என்பது உண்மை. வராந்தா, படிக்கட்டு, மரத்தடி என்று பிரித்து அனுப்புங்கள்.

டேட்டா இல்லாதவர்களுக்கு நால்வருக்கு ஒரு கைப்பேசி போதும். ஒருவர் வரைவு போகும்போது மற்ற மூவரும் கருவி என்ன கேட்கும் என்று முன்கூட்டியே தாளில் ஊகித்து எழுதட்டும். நான்கைந்து கட்டுரைகளுக்குப் பிறகு ஊகங்கள் பொருந்தத் தொடங்கும். அதன் பிறகு அந்தக் குழுவுக்குக் கருவி தேவையில்லை, அதுதான் வேண்டியதும்.

பெயர், பதிவெண், சாதி, நோய், வீட்டுச் சண்டை எதுவும் கருவிக்குள் போகக் கூடாது. கட்டுரையில் ஓர் ஆள் வந்தால் பெயரை மாற்றிக் கொடுக்கட்டும். முதலாண்டில் 17 வயதுக்காரர்களும் இருப்பார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கணக்கில் எடுக்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. கணக்குத் தொடங்கும்படி அவர்களை வற்புறுத்தாமல் உங்கள் கணக்கில் ஓட்டிக் காட்டுவது மேல்.

ஒற்றும் மொழியும்

பொருள் திருத்தம் முடிந்த பிறகுதான் மொழித் திருத்தம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மாணவர் ஒற்றை மட்டும் போட்டுவிட்டுக் கட்டுரையை அப்படியே விட்டுவிடுவார்.

இங்கே கருவிக்கு ஒரே ஒரு வேலை: சந்தேகப்படுவது. ‘பிழை இருக்கலாம் என்று நினைக்கும் ஐந்து இடங்களைச் சுட்டு, சரியான வடிவத்தைச் சொல்லாதே, காரணமும் சொல்லாதே’ என்று கேளுங்கள். தீர்ப்பு மாணவருடையது, விதியை வைத்து. ஐந்து விதிகளைப் பலகையில் எழுதிப்போட்டாலே முதலாண்டுக் கட்டுரைகளின் பெரும்பாலான ஒற்றுச் சிக்கல் தீரும். ‘ஐ’ உருபுக்குப் பின் மிகும்: புத்தகத்தைப் படித்தான். ‘கு’ உருபுக்குப் பின் மிகும்: வீட்டுக்குப் போனான். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் பையன். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன், படித்த புத்தகம். ஐந்தாவதில்தான் கருவியும் மாணவரும் சேர்ந்தே தடுக்கி விழுவார்கள்: உகரத்தில் முடியும் வினையெச்சங்களில், வன்தொடர்க் குற்றியலுகரமாக (த்து, ட்டு, ற்று போல வல்லின மெய்யை அடுத்த உகரமாக) முடிபவற்றுக்குப் பின் மிகும், மற்றவற்றில் மிகாது. ‘படித்துப் பார்த்தான்’ சரி. ‘செய்து பார்த்தான்’, ‘வந்து பார்த்தான்’ என்பவற்றில் ஒற்று வராது.

கருவியிடம் விளக்கம் கேட்டால் இலக்கணச் சொற்களையெல்லாம் சரியாக அடுக்கி, எடுத்துக்காட்டை மட்டும் தவறாகக் கொடுக்கும் வழக்கம் அதற்கு உண்டு. விளக்கம் கம்பீரமாக இருப்பதால் நம்பத் தோன்றும். அதனால்தான் காரணம் சொல்லாதே என்று பிராம்ப்ட்டிலேயே வாயைக் கட்டிவிடுகிறோம்.

மேற்கோளுக்கு ஒரு பயிற்சி

மேற்கோள் இல்லாமல் தமிழ்க் கட்டுரை முடியாது என்று பள்ளியிலேயே பழக்கிவிட்டோம். கருவியும் கேட்ட மாத்திரத்தில் மேற்கோள் தரும், பாடல் எண்ணோடு, புலவர் பெயரோடு. அதன் நம்பகம் எவ்வளவு என்பதை மாணவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

‘புறநானூறு 267ஆம் பாடலைத் தந்து பொருள் கூறு’ என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பாடல் கிடைக்கவில்லை. 267, 268 இரண்டும் இழந்துபோனவை. சில கருவிகள் அதைச் சரியாகச் சொல்லிவிடும். சில, சங்க நடை போலத் தோன்றும் நான்கு வரியைச் செய்து, புலவர், திணை, துறை எல்லாம் போட்டுக் கொடுக்கும். பதிற்றுப்பத்தின் முதல் பத்திலிருந்து ஒரு பாடல் கேட்டாலும் இதேதான். முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. முந்தைய நாள் நீங்கள் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கருவி தப்பித்துவிட்டால், ஒரு நல்ல குறள் வரியைச் சொல்லி அதன் எண்ணையும் அதிகாரத்தையும் கேளுங்கள். அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால் எண்ணும் அதிகாரமும் பொருந்துகிறதா என்பதை மாணவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பிறகு விதி: கட்டுரையில் வரும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் மாணவர் பார்த்த நூலின் பக்க எண்ணையோ தமிழ் இணையக் கல்விக்கழகம், மதுரைத் திட்டம் ஆகியவற்றின் தளத்தில் பார்த்த இடத்தையோ எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள். இது தமிழ் மாணவருக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய வழக்குத் தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்த நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

ஆதாரங்களை நீங்களே கொடுத்து எழுதவைக்கும் கட்டுரைக்குக் கூகுளின் நோட்புக்எல்எம் என்ற கருவி நல்லது. ஏற்றிய கோப்புக்குள்ளிருந்து விடை சொல்லும், எந்த இடம் என்றும் காட்டும். ஆனால் பழைய தமிழ் பிடிஎஃப்களில் எச்சரிக்கை வேண்டும். பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருவில் செய்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதோ தமிழ் அல்லாத எழுத்துக் குப்பை. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் ஏற்றலாம். இல்லையென்றால் முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும்.

கருவியின் நடையைப் பிய்த்துப் பார்ப்பது

ஒரு பாடவேளை கருவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுங்கள். உங்கள் தலைப்பில் அதை 200 சொல்லில் எழுதவைத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். ‘இன்றைய நவீன உலகில்’, ‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘வெறும் … மட்டுமல்ல, அது ஒரு …’, ‘உறுதி செய்கிறது’, ‘என்பதில் ஐயமில்லை’ ஆகியவற்றைச் சிவப்புப் பேனாவால் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு, ஊர், ஆள், எண், நேரம் ஏதாவது ஒன்று உள்ள வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். தாளில் மிஞ்சுவது மிகக் குறைவாக இருக்கும். அடுத்து அதே சோதனையைத் தங்கள் வரைவில் செய்வார்கள். முகம் வாடும், பரவாயில்லை. இந்தத் தேய்ந்த தொடர்களைக் கருவி கற்றதே நம் மேடைப் பேச்சிலிருந்தும் மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களிலிருந்தும்தானே.

கண்டுபிடிப்பான் வேண்டாம்

‘இது ஏஐ எழுதியது 87 விழுக்காடு’ என்று சொல்லும் தளங்களை வைத்து எந்த மாணவரையும் குற்றம் சாட்டாதீர்கள். ஓப்பன்ஏஐ 2023 ஜனவரியில் தானே ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை ஏஐ என்றது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் மூடிவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோர் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அவை ஏஐ என்று தவறாகச் சொல்லின. எளிய சொல், கணிக்கக்கூடிய வாக்கியம்: இதுதான் அவற்றின் அளவுகோல். பொது ஆங்கில வகுப்பில் தட்டுத்தடுமாறி எழுதும் நம் மாணவர்தான் முதலில் மாட்டுவார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடின் என்ற நகல் சோதனை மென்பொருளின் ஏஐ கண்டுபிடிப்பானை அணைத்தபோது சொன்ன கணக்கு எளியது: ஆண்டுக்கு 75,000 தாள், 1 விழுக்காடு தவறு என்றாலே 750 தாள்மேல் பொய்க் குற்றச்சாட்டு.

வேறு இடத்திலிருந்து எவ்வளவு நகலெடுத்தது என்று ஒப்புமை சதவீதம் பார்க்கும் மென்பொருளும் இங்கே உதவாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைத் தண்டனைக்குரியதாகக் கருதுவதில்லை. கருவி புதிதாக எழுதித் தருவதால் ஒப்புமை பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிடும்.

மதிப்பெண்

இன்டர்னல் 25 என்று வைத்துக்கொண்டால் பிரிப்பு இப்படி: வகுப்பில் எழுதிய முதல் வரைவு 5, கேள்வி–பதில் தாள் 6, திருத்திய படி 8, மொழி 3, வாய்மொழி 3. திருத்திய படிக்கு எட்டுதான். அது ஒன்றுதான் வெளியிலிருந்து வந்திருக்கக்கூடியது. மூன்று தாளையும் பின்னடித்து ஒன்றாக வாங்குங்கள். கேள்வித் தாளில் உள்ள பதிலுக்கும் திருத்திய படிக்கும் தொடர்பில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கூகுள் டாக்ஸில் எழுதவைத்தால் பதிப்பு வரலாற்றைப் பாருங்கள். நாற்பது நிமிடத்தில் வளர்ந்த கட்டுரையும் ஒரே நொடியில் ஒட்டிய கட்டுரையும் அங்கே வேறுவேறாகத் தெரியும்.

மதிப்பெண்ணைக் கருவியிடம் கேட்காதீர்கள். ஒரே கட்டுரையைப் புதிய உரையாடல்களில் மூன்று முறை கொடுத்துப் பாருங்கள், பத்துக்கு ஆறும் வரும் எட்டும் வரும். நீளமான கட்டுரைக்குத் தாராளம் காட்டும் குணமும் அதற்கு உண்டு. ஆசிரியருக்கு அது உதவும் இடம் வேறு: வகுப்பில் பொதுவாக எது தவறுகிறது என்று பார்க்கலாம். அறுபது வரைவையும் ஒரே மூட்டையாகக் கொடுத்தால் நடுவில் இருப்பவற்றைச் சரியாகப் பார்க்காது. எட்டு எட்டாகக் கொடுத்து, ‘பலருக்கும் பொதுவான இரண்டு குறை’ என்று மட்டும் கேளுங்கள்.

வாய்மொழிக்கு ஆளுக்கு ஒன்றரை நிமிடம், இரண்டு கேள்வி. அறுபது பேருக்கு இரண்டு பாடவேளையில் முடிந்துவிடும். மற்றவர்கள் அப்போது அடுத்த கட்டுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கட்டும். முதல் கேள்வி கட்டுரைக்குள் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி: ‘வேன் எட்டரைக்கு வருகிறது என்று யார் சொன்னது?’ இரண்டாவது, ஒரு மாற்றத்தைப் பற்றி: ‘முதல் வரைவில் இருந்த இந்த வாக்கியத்தை ஏன் எடுத்தாய்?’ தானே எழுதியவர் தயங்கினாலும் சொல்லிவிடுவார். சொல்ல முடியாதவரிடம் விசாரணை நடத்த வேண்டாம். திருத்திய படியை ஓரமாக வைத்துவிட்டு, முதல் வரைவையும் அதே மூன்று கேள்விகளையும் கையில் கொடுத்து, அடுத்த பாடவேளையில் உங்கள் கண்முன் உட்கார்ந்து மறுபடி எழுதச் சொல்லுங்கள். அதற்கு எட்டில் எவ்வளவு வருகிறதோ அதைப் போடுங்கள்.